பிறேக் இல்லாமல் அப்புத்தளைக்கு

எங்கள் பக்கத்தில் உயரமான இடம் எது என்று கேட்டால் பட்டிருப்புப் பாலத்தைத்தான் காட்டுவோம். சின்ன வயதில் அந்தப் பாலத்து ஏற்றத்தை சைக்கிளை விட்டு இறங்காமல் மிதித்து ஏறிவிட்டால் எங்களுக்குத் தலைகால் புரியாது. அதை விட்டால் வயல், வாவி, மணல், கடல். ஒரு தேங்காயைக் கீழே போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும், எந்தப் பக்கமும் உருளாது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நான், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில், நிவாரணமாகக் கிடைத்த ஒரு லேடீஸ் சைக்கிளை மிதித்து அப்புத்தளை மலைக்குப் போய் வந்தேன். இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் உயரும். உயர்ந்தால் என்ன? மிதித்தது என் கால்தானே.

கூட வந்தவர் என் வீட்டுக்காரர். பழுகாமத்தில் பிறந்தவர், மேசன் வேலை. எங்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அப்படித்தான் அவர் வாவியைத் தாண்டித் தேற்றாத்தீவுக்கு வந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற அந்தக் கீற்று மண்ணில், அம்மா எனக்கும் தங்கைக்கும் பாதி பாதியாகப் பிரித்துத் தந்த வளவில், அவர் தன் கையாலேயே ஒரு வீடு கட்டினார். சமைக்கிற குசினி மேடையை என் இடுப்புயரம் பார்த்துக் கட்டினார். ஊரில் வேறெந்தப் பெண்ணுக்கும் அளவெடுத்துத் தைத்த குசினி கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது.

சுனாமி அந்த வீட்டை அத்திவாரத்தோடு பெயர்த்துப் போட்டது. அன்று காலை நான் மகளைச் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு வாவிக்கரைக்கு இறால் வாங்கப் போயிருந்தேன். அவர் வேலை விஷயமாகப் பழுகாமத்தில் நின்றார். வீட்டில் இருந்தது தங்கை மட்டும்தான். நான் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அவளும் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று அவளுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தோம். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. இப்போதும் அவளுக்காக அழ வேண்டும் என்றால் எங்கே போய் உட்கார்ந்து அழுவது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கடல் இரைச்சல் கேட்கிற இடத்தில் என்னால் கண்மூட முடியவில்லை. பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்குப் போய், அவருடைய அக்காவின், என் மச்சாளின், வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். வாவிக்கு மேற்கே இருக்கிற அந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்போம், பொழுது படுகிற கரை. கடலோரப் பக்கம் எழுவான்கரை. படுவான்கரைக்குக் கடல் வராது என்று மச்சாள் அடித்துச் சொன்னா. கடல் வரவில்லைதான். ஷெல் வந்தது. சண்டை மூண்டு அந்தக் கரையே எழும்பி ஓடியபோது நாங்களும் அதே பாலத்தால் திரும்ப ஓடிவந்து, எழுவான்கரையில் ஒரு தறப்பாள் கூடாரத்தில் கிடந்தோம். கடலுக்குப் பயந்து அந்தப் பக்கம், ஷெல்லுக்குப் பயந்து இந்தப் பக்கம். சண்டை ஓய்ந்ததும் மறுபடி பழுகாமம். ஒருவராவது எங்களை எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டதில்லை.

கடைசியில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுத் திட்டக்காரர்கள் வந்து, பழைய வளவிலேயே கட்டித் தரவா, அல்லது அதை விட்டுவிட்டு வேறிடம் போகிறீர்களா என்று கேட்டார்கள். வளவு என் பெயரில். முடிவும் நான்தான் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். வடக்கில் போர் முடிந்த அடுத்த வருடம், இனிமேல் காத்திருக்க முடியாது, வருகிற மாதத்துக்குள் சொல்லுங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அப்புத்தளையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. சுனாமி வீடுகள் கட்ட எங்கள் ஊருக்கு வந்து இவரோடு வேலை செய்த ஒரு மலையகத்து மேசன் இருந்தார். அங்கே கட்டட வேலை நிறைய இருக்கிறது, இருக்க ஒரு வீடும் ஒழுங்கு பண்ணித் தரலாம், குடும்பத்தோடு வாங்க என்று போனில் சொன்னார். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. அப்புத்தளை! அவ்வளவு உயரத்துக்கு எந்தக் கடல் ஏறி வரும்?

"போய்ப் பாப்பம். எனக்கு அங்க பயமில்லாம நித்திரை வந்துதெண்டா அங்கதான் இரிக்கப் போறம். வளவ விட்டிருவன்," என்றேன்.

"நீ சொன்னாச் சரி புள்ள," என்றார். "பஸ்ஸில போனா ஒரு நாளையில போயிரலாம்."

"பஸ்ஸில நான் வரல்ல. சைக்கிள்ள போவம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்காத குறைதான். எனக்குக் காரணம் இருந்தது. அத்தனை வருடமும் எங்களை ஏதோ ஒன்று தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் தள்ளியது, ஷெல் துரத்தியது, லொறியில் ஏற்றினார்கள், இறக்கினார்கள். இந்த ஒரு தடவையாவது நான் போக நினைக்கிற இடத்துக்கு என் காலால் போக வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். இதை அவரிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. "நீங்க வாறதெண்டா வாங்க, இல்லாட்டி நான் தனியப் போறன்," என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது.

மகளை மச்சாளிடம் விட்டோம். மச்சாள் தலையில் கை வைத்துக்கொண்டா. "என்னகா உனக்கு விசரா? மலையில சைக்கிள் ஓடுறதா?" என்று கேட்டா. நாங்கள் பயிற்சி எடுக்கவும் தவறவில்லை. பின்னேரங்களில் பட்டிருப்புப் பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகினோம். வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பாலத்தில் பழகி மலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் நானும் சிரித்திருப்பேன்.

புது ரயர் போட்டோம், சங்கிலிக்கு எண்ணெய் விட்டோம், ரியூப் ஒட்டுகிற பெட்டியும் பம்பும் எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு சாமானை மட்டும் நினைக்கவே இல்லை. அது பிறேக். எங்கள் ஊர்ச் சைக்கிள்களில் பிறேக் என்பது வாங்கும்போது இருக்கும், பிறகு உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகும், அதோடு கழற்றி எறிந்துவிடுவோம். நிறுத்த வேண்டும் என்றால் மிதிப்பதை விட்டால் போதும், தானாக நிற்கும். அவசரம் என்றால் செருப்பை முன் சில்லில் தேய்ப்போம். என் சைக்கிளிலும் அவருடைய சைக்கிளிலும் பிறேக் இருந்த இடத்தில் துளை மட்டும்தான் இருந்தது. ஊரில் அத்தனை பேர் புத்தி சொன்னார்களே, அவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எங்களவர்களுக்கு ஏற்றம் தெரியும், பாலம் இருக்கிறதல்லவா. முடியாத இறக்கம் என்று ஒன்று இருப்பது தெரியாது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், விடிந்ததும் புறப்பட்டோம். கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்று வாவியை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போய், ஆயித்தியமலையால் உள்ளே திரும்பிப் பதுளை வீதியைப் பிடித்தோம். அறுவடைக்கு நின்ற வயல்வட்டைகளைத் தாண்டினால் காடு. நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்துதான் கச்சான் வந்தது. முகத்தில் அடித்த காற்றில் பெடல் கல்லாய்க் கனத்தது. ஆனால் காற்றை எங்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் பார்த்துக் கிடந்து, காற்று விழுந்த பிறகு மிதித்தோம். புல்லுமலையைத் தாண்டும்போது என் கால் வலித்ததே தவிர மனம் வலிக்கவில்லை. எத்தனையோ வருடம் ஒருவரும் போகாமல் கிடந்த அந்த வீதியில் இப்போது நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓடினேன்.

மகாஓயாவுக்குக் கிட்ட ஒரு ஆமிச் சென்றியில் மறித்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்ட ஆமிக்காரருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. இவருக்குத் தெரிந்த சிங்களம் சீமெந்து, மணல் வாங்குகிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு, "கந்த பலன்ன," என்றார், மலை பார்க்க. ஆமிக்காரர் சைக்கிள்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கரியரில் கட்டியிருந்த பொதியை அவிழ்த்துப் பார்த்தார். அதற்குள் ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும்தான் இருந்தன. பிறகு உள்ளே போய் எங்கள் போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து தந்து, கையால் மலை போல ஒரு பெரிய உருவம் காட்டித் தலையை ஆட்டினார். ஒரு ஆமிக்காரர் எனக்குத் தண்ணீர் தந்தது அதுதான் முதல் தடவை. வாங்கிய உடனே, அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே குடித்தேன்.

பிபிலையைத் தாண்டி லுணுகலைக்கு ஏறத் தொடங்கியபோதுதான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. முதல் வளைவு வரை மிதித்தோம். இரண்டாவது வளைவில் மூச்சு வாயால் வந்தது. வீட்டுக்காரர் இறங்கி, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, துவாயை விரித்துப் படுத்துவிட்டார்.

"என்ன, படுத்திட்டீங்க?"

"ஒள்ளுப்பம் இரு புள்ள. விழட்டும், மறுகா ஏறுவம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டிய மனிதர், பெடல் கனத்தால் காத்திருக்க வேண்டும் என்றுதான் அவர் உடம்புக்குத் தெரியும்.

"காத்து விழும். மலை எப்ப விழும்?" என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பித் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தோம், முடியாத இடத்தில் தள்ளினோம். ஆனால் ஒன்று, வழியில் ஏற்றிக்கொண்டு போக நிறுத்திய லொறிக்காரர்கள் எல்லோரையும் நான் கும்பிட்டு அனுப்பினேன். தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கீழே திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வீதி பாவாடை நாடா போல மடிந்து கிடந்தது. அதன் ஒவ்வொரு மடிப்பையும் நான் என் காலால் ஏறியிருந்தேன். அன்றைக்கு எனக்குள் வந்த அந்தக் கொழுப்பு இன்றுவரை கரையவில்லை.

பசறையைத் தாண்டிப் பதுளைக்கு இறங்குகிற வீதிதான் எங்களுக்குப் பாடம் படிப்பித்தது. மிதிக்காமலே சைக்கிள் ஓடத் தொடங்கியபோது நான் சின்னப்பிள்ளை போலக் கத்தினேன். கொஞ்ச தூரத்தில் கத்தலின் சத்தம் மாறிவிட்டது. சைக்கிள் நிற்கவில்லை. மிதிப்பதை விட்டுக் கனநேரம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்களூர்ப் பழக்கத்தில் செருப்பை முன் சில்லில் வைத்தேன். ரப்பர் தீய்ந்த மணம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. எனக்குப் பின்னால் இவர், "புள்ள, மேட்டில ஏத்து! மேட்டில ஏத்து!" என்று அலறுகிறார். அடுத்த வளைவுக்கு முன்னால் வீதியோரம் இருந்த மண்மேட்டில் சைக்கிளை மோதினேன். இவர் வந்து என் சைக்கிளில் மோதினார். முழங்கையில் தோல் போனது. இவருடைய ஒரு செருப்பில் அடிப்பாகமே இல்லை.

"கீழ போகுமட்டும் தள்ளிக்கொண்டு போவம்," என்றார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஏற்றத்தில் தள்ளினேன், அது நியாயம். இறக்கத்திலும் தள்ளுவதா? அப்படி என்றால் இதற்குப் பெயர் என்ன சைக்கிள் பயணம்? வீதியோரம் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்தபடி யோசித்தேன். என் தகப்பன் வாவியில் தோணி வைத்திருந்தவர். கச்சான் பின்னால் தள்ளி, தோணி கட்டுக்கடங்காமல் ஓடுகிற நாட்களில் கண்டல் கொப்புகளைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் பின்னால் போட்டுவிடுவார். கொப்பு தண்ணீரை இழுத்துப் பிடிக்க, தோணி பெட்டிப் பாம்பாக அடங்கிப் போகும். தோணியில் செய்ததைச் சைக்கிளில் செய்தால் என்ன?

தேயிலைக்கு நிழல் தரும் மரங்களை வெட்டி, கொப்புகளை வீதியோரம் குவித்திருந்தார்கள். இலையோடு நல்ல அடர்த்தியான இரண்டைத் தேர்ந்தெடுத்து, பொதி கட்டிய கயிற்றால் கரியரில் கட்டினேன். இவர் நம்பவில்லை. நான்தான் முதலில் ஏறினேன். சைக்கிள் இரண்டு முழம் ஓடியது, பின்னால் கொப்பு வீதியைப் பிறாண்டிப் பிடித்தது, சைக்கிள் மெல்ல, மரியாதையாக, நான் சொன்ன வேகத்தில் இறங்கியது. "வாங்க!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று சிரித்தார்கள். ஒரு பஸ் மெதுவாகி, ஆட்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். எங்களுக்குப் பின்னால் புழுதி ஊர்வலம் போல வந்தது. இலை உதிர்ந்து கொப்பு மொட்டையாகும்போது நிறுத்தி வேறு கொப்பு கட்டினோம். பதுளைக்குள் நுழைந்தபோது என் கரியரில் ஒரு சுள்ளிதான் மிஞ்சியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் இரண்டு சைக்கிளையும் சுற்றி வந்து பார்த்து, எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டார். நான் சுள்ளியைக் காட்டினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு இரண்டு சைக்கிளுக்கும் முன்னும் பின்னும் பிறேக் பூட்டித் தந்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் சுடவில்லை. பசறை வீதியைக் கொப்பு கட்டி இறங்கிய முதல் பெண் நானாகத்தான் இருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இல்லை என்று சொல்ல யாராவது இருந்தால் வரட்டும்.

மலை என்றால் பச்சை என்ற என் எண்ணம் பதுளைக்கு மேலே போனதும் பொய்யானது. அந்த மாதத்தில் அங்கே மழை இல்லை. பண்டாரவளைப் பக்கம் மரமே இல்லாத மொட்டை மலைகள், காய்ந்து கருகிய புல், உதட்டை வெடிக்க வைக்கும் காற்று. பாலைவனத்தை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர் என்று ஒரு சொட்டு கண்ணில் படவில்லை. காற்று காதை அடைத்தது, ஆனால் அது வெறும் காற்று. அதற்குள் வேறொரு இரைச்சல் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. எனக்கு அழுகை வந்தது. காற்று பட்டுக் கண் கலங்குகிறது என்று இவரிடம் சொன்னேன்.

அப்புத்தளையில் அந்த மேசனும் மனைவியும் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சைக்கிளில் வருகிறோம் என்று சொல்லியிருந்தோம், பகிடி என்று நினைத்திருந்தார்களாம். அந்தப் பெண் சுடுதண்ணீர் வைத்துத் தந்தாள், ரொட்டியும் கிழங்குக் கறியும் தந்தாள், இரண்டு கம்பளி தந்தாள். நான் படுத்ததுதான் தெரியும். சுனாமிக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை நான் கொண்டதில்லை. எழும்பியபோது வெயில் யன்னலுக்குள் வந்துவிட்டது. இவர் வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நித்திரை வந்துதா?"

"வந்துது."

"அப்ப சரி," என்றார். அவ்வளவுதான். ஆனால் அவர் பார்வை முற்றத்துக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டது. என் சொல்லுக்கு அவர் தலையாட்டிவிட்டார், வளவு போனது, இனி இதுதான் ஊர் என்று இருவருக்கும் தெரிந்தது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஏன் என்று தெரியாமல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் குசினிப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அக்கா, இங்க வாங்களேன். மூட்டம் கலைஞ்சிருச்சு. கடல் தெரியுது, பாருங்க!"

குசினிப் பக்கம் ஓடினேன். "எந்தக் கடல்?"

"அந்தா, தெக்கால. வெயில் நல்லா இருந்தா எங்களுக்கு இங்கேருந்து தெரியுமுங்க."

மலை அங்கே சட்டென்று முடிந்து, கீழே காடும் சமவெளியுமாய் விழுந்து கிடந்தது. அதற்கும் அப்பால், வானம் தொடங்குகிற இடத்தில், ஒரு வெள்ளிக் கோடு. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினேன். இத்தனை காற்று, இத்தனை வளைவு, முழங்கையில் இத்தனை தோல், எல்லாம் எதற்கு? இங்கேயும் வந்து நிற்கிறதே! நாசமாய்ப் போன கடல் என்று வாய்விட்டே திட்டினேன்.

அந்தப் பெண்ணுக்கு என் கதை தெரியாது. அவள் கண்ணைச் சுருக்கி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பொறந்ததுலேருந்து இப்படித் தூரமாத்தான் பாக்குறேன். ஒரு நாளும் கிட்டப் போனதில்லக்கா. கடலு கிட்டப் போனா எப்படி இருக்கும்?"

என்ன சொல்வது? பேய் என்று சொல்லலாம். என் தங்கையைத் தின்றது என்று சொல்லலாம். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "நீங்க பாக்கிறது கடலில்ல, கோடு," என்றேன். "கிட்டப் போனா அதுக்கு ஒரு நிறமில்ல. விடியக்காலையில ஒண்டு, வெயிலில ஒண்டு, மழைக்கு முன்னால இன்னொண்டு." கரைவலை இழுக்கிற நாளில் ஊரே மணலில் நிற்பதைச் சொன்னேன். வலைமடியில் நெத்தலி துள்ளுகிற சத்தத்தைச் சொன்னேன். பாயில் படுத்துக்கொண்டே இரைச்சலை வைத்து நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்லிவிடுவேன் என்றேன். வாடைக்காற்றில் அலை எப்படி உடையும், அலையடங்கிய மாதத்தில் நானும் தங்கையும் எவ்வளவு தூரம் உள்ளே நடந்து போவோம், காலுக்குக் கீழே மணல் எப்படி உருவிக்கொண்டு போகும், எல்லாம் சொன்னேன். நிறுத்த முடியவில்லை. குரலில் ஒரு பெருமை வேறு. என்னமோ அந்தக் கடலை நானே வெட்டித் தண்ணீர் விட்டு வைத்த மாதிரி.

அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு தடவ கிட்டப் போய் நின்னு பாக்கணுங்க," என்றாள்.

"அதுக்கென்ன, வாங்க," என்றேன். "எங்கட வீட்ட வந்து நில்லுங்க. வாசலால இறங்கினாக் கடல்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த வீடு? எந்த வாசல்? அங்கே அத்திவாரக் கல்லும் அடம்பன் கொடியும்தான் கிடந்தன. திரும்பிப் பார்த்தேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எனக்குப் பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"எந்த வீடு புள்ள?" என்றார்.

"நீங்க கட்டப்போற வீடு."

"இஞ்சதான் நித்திரை வந்துதெண்டாய்?"

"நித்திரை எங்கயும் வரும். இவ்வளவு மலை ஏறினவளுக்கு ஒரு நித்திரையக் கொண்டுவர ஏலாதா?" என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை காற்று என்று சொல்லவில்லை. "தங்கச்சி அங்கதான் கிடக்கிறாள். அவளத் தனிய விட்டிட்டு நான் எப்படி இஞ்ச கம்பளி போத்திப் படுக்கிற?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குசினி மேடை எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டார். பழைய உயரம்தான் என்றேன். பிறகு வாசல் எந்தப் பக்கம் என்றார். பழைய வீட்டுக்கு வாசல் வீதியைப் பார்த்து இருந்தது. கடலுக்கு முதுகு.

"கடலப் பாத்து வைங்க," என்றேன்.

வீடு வந்தது. திட்டக்காரர்கள் தந்த படத்தில் வாசல் வீதிப்பக்கம்தான் இருந்தது. இவர் அவர்களோடு நின்று வாதாடி மாற்றினார். கதவு நிலை வைக்கிற அன்று பழுகாமத்திலிருந்து மச்சாள் வந்தா. நிலையைப் பார்த்தா, அதற்கு நேரே தெரிந்த கடலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"என்னகா இது? ஆரும் இப்படி வாசல் வைப்பாங்களா? மறுகா கடல் வந்தா என்ன செய்வாய்?"

"ஓடுவன் மச்சாள்," என்றேன். "ஆனா இந்த முறை, அது வாறதப் பாத்துப்போட்டு ஓடுவன்."